குழந்தை மருத்துவர் ஜிபி சர்ஜரிக்கே வருகிறார் என்றால், அது நம்மைத் தட்டிக்கழிப்பதா?

கேள்வி சுருக்கமாக இது: கோயம்புத்தூரிலிருந்து லண்டனுக்குக் குடிவந்த ஒரு தாய். ஐந்து வயது மகனுக்கு நாள்பட்ட மலச்சிக்கல், உள்ளாடையில் அடிக்கடி கறை. ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஜிபியோ (இங்கே குடும்ப மருத்துவருக்கு அதுதான் பெயர், அவருடைய கிளினிக்கைத்தான் 'சர்ஜரி' என்பார்கள்), "அடுத்த மாதம் குழந்தை நல மருத்துவர் நம் சர்ஜரிக்கே வருவார், அவரோடு சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஊரில் என்றால் நேராகக் குழந்தை டாக்டரிடம் போயிருப்போம், இங்கே காசை மிச்சம்பிடிக்க எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்கிறார்.

நான் வடமேற்கு லண்டனில் ஜிபி. இந்த மாதிரிக் கிளினிக்குகளில் உட்கார்ந்து வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். இல்லை, தட்டிக்கழிப்பது அல்ல. நன்றாக நடத்தப்பட்டால், உங்கள் மகனுக்கு இருக்கிற பிரச்சினைக்கு இது ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவைவிட நல்ல இடம். ஆனால் "நன்றாக நடத்தப்பட்டால்" என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஸ்பெஷலிஸ்ட் உங்கள் மகனைப் பார்க்கும்போது உங்கள் ஜிபியும் அதே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இல்லாமல் ஸ்பெஷலிஸ்ட் மட்டும் வந்து, ஒரு காலி அறையில் வரிசையாகப் பார்த்துவிட்டுப் போனால், உங்களுக்கு பஸ் பயணம் மிச்சம். பெரிதாக வேறு ஒன்றும் இல்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, இந்த நாட்டில் குழந்தை வைத்தியம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கே குழந்தை நல மருத்துவர் என்பவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்காரர். காய்ச்சல், சளி, கரப்பான் (எக்ஸிமா), வயிற்றுவலி, தூக்கமின்மை, "சாப்பிடவே மாட்டேங்கிறான்" எல்லாம் ஜிபியிடம்தான் வரும். ஜிபி எழுதினால்தான் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஜெர்மனியில் பேட்டைக்குப் பேட்டை குழந்தை மருத்துவர் கிளினிக் வைத்திருப்பார், பெற்றோர் நேராகப் போகலாம். இத்தாலியில் பொதுச் சுகாதார அமைப்பே குழந்தைக்கு 6 வயது வரை ஒரு குழந்தை மருத்துவரிடம் பதிவு செய்கிறது, விரும்பினால் 14 வயது வரை அவரிடமே இருக்கலாம். நம் ஊரில், கையில் காசு இருந்தால், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். நீங்கள் எதிர்பார்த்தது தவறில்லை. நீங்கள் வந்து சேர்ந்த அமைப்பு வேறு.

இதில் ஒரு பழைய ஓட்டை இருக்கிறது. ஒரு ஜிபி பார்க்கிற நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் குழந்தை. ஆனால் ஜிபி ஆவதற்கான மூன்றாண்டுப் பயிற்சியில் குழந்தைகள் வார்டில் வேலை செய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலருக்கு ஆறு மாதம் கிடைக்கும், பலருக்குக் கிடைக்காது. பாடத்திட்டத்தில் குழந்தை மருத்துவம் இருக்கிறது, தேர்விலும் கேட்பார்கள். ஆனால் புத்தகத்தில் படிப்பதும், மூச்சு வாங்குகிற குழந்தையின் விலா எலும்பு உள்ளே இழுப்பதை இரவு ஷிப்டில் நூறு தடவை பார்ப்பதும் ஒன்றா? 2010இல் குழந்தைகளுக்கான சுகாதாரச் சேவை பற்றி சர் இயன் கென்னடி அரசுக்குக் கொடுத்த அறிக்கையும் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது.

அதற்கும் முன்பே, 1976இல், டொனால்ட் கோர்ட் என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் தலைமையிலான குழு ஒரு யோசனை சொன்னது. ஜிபிகளிலேயே சிலரைக் குழந்தை வைத்தியத்தில் கூடுதலாகப் பயிற்றுவித்து, ஒவ்வொரு பகுதியிலும் 'குழந்தை நல ஜிபி' என்று ஒருவரை வைக்கலாம் என்றது. மருத்துவர் சங்கங்களுக்கு இது பிடிக்கவில்லை. குடும்ப மருத்துவர் என்றால் தாத்தா முதல் பேரன் வரை எல்லாரையும் பார்ப்பவர், அதைத் துண்டு போடாதே என்பது அவர்கள் வாதம். யோசனை கிடப்பில் போடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த அறிக்கைக்கு வைத்த தலைப்பையே, 'எதிர்காலத்துக்குத் தகுதியாக' என்ற பொருளில், 2025 ஜூலையில் வந்த தேசிய சுகாதாரச் சேவையின் பத்தாண்டுத் திட்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள். சிகிச்சையை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கம்பக்கத்துக்குக் கொண்டுவருவோம் என்பது அதன் முதல் வாக்குறுதிகளில் ஒன்று. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து!

இடையில் சும்மா இருக்கவில்லை. பேடிங்டனில் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர்கள், குறிப்பாக மாண்டோ வாட்சன், பாப் கிளேபர் ஆகியோர், 2010களின் முதல் பாதியில் வேறு ஒரு வழியை முயன்றார்கள். ஜிபியைக் குழந்தை மருத்துவராக மாற்ற வேண்டாம், குழந்தை மருத்துவரை மாதம் ஒருமுறை ஜிபியிடம் அனுப்புவோம் என்பதுதான் அது. 'கனெக்டிங் கேர் ஃபார் சில்ட்ரன்' என்று பெயர். மூன்று நான்கு சர்ஜரிகள் சேர்ந்து ஒரு 'ஹப்'. ஒரு ஹப்புக்குச் சுமார் 20,000 மக்கள், அதில் 4,000 பேர் அளவுக்குக் குழந்தைகள். 2019இல் பக்கத்துப் பக்கத்து சர்ஜரிகளை இணைத்து பிரைமரி கேர் நெட்வொர்க்குகள் வந்த பிறகு, ஹப்புகளும் பெரும்பாலும் அந்த எல்லைகளோடு ஒட்டிக்கொண்டன. உங்கள் ஜிபி சொன்னது இப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம். சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே பேசுவோம். ஜிபிகள், சர்ஜரி நர்ஸ், ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்), சில சமயம் பள்ளி நர்ஸ், உணவு ஆலோசகர், மனநலப் பணியாளர், நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தை மருத்துவர். ஒவ்வொரு ஜிபியும் அந்த மாதம் தனக்குப் பிடிபடாத குழந்தைகளைப் பற்றிச் சொல்வார். பெற்றோரிடம் முன்பே சம்மதம் வாங்கியிருப்போம். கூட்டம் முடிந்ததும் கிளினிக். நேரில் பார்த்தே ஆக வேண்டிய சில குழந்தைகளை மட்டும் ஜிபியும் ஸ்பெஷலிஸ்ட்டும் சேர்ந்து பார்ப்பார்கள். இரண்டு ஹப் நாட்களுக்கு இடையில் சந்தேகம் வந்தால் ஈமெயில், போன்.

வெளியே இருந்து பார்த்தால் கிளினிக்தான் முக்கியம் என்று தோன்றும். எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரக் கூட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. சில உதாரணம் சொல்கிறேன். இவை யாருடைய குழந்தையும் அல்ல, எந்த ஹப்பிலும் எந்த மாதமும் வரக்கூடியவை.

மூன்று மாதக் குழந்தை, பால் கக்குகிறது, அழுகிறது. பசும்பால் ஒவ்வாமை என்று சந்தேகப்பட்டு இரண்டு முறை பால் பவுடரை மாற்றியாகிவிட்டது. ஸ்பெஷலிஸ்ட் கேட்கும் முதல் கேள்வி, "ரெட் புக்கில் எடைக்கோடு எப்படிப் போகிறது?" என்பதாக இருக்கும் (ரெட் புக் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் இங்கே கொடுக்கும் சுகாதாரப் பதிவுப் புத்தகம்). கோடு அழகாக மேலே ஏறுகிறது, தோலில் ஒன்றும் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை. அப்படியானால் இது சாதாரணமாகக் கக்குவது, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் ஒன்று அங்கேயே தேவையில்லாமல் போகிறது. அதைவிடப் பெரிய லாபம், அடுத்த வாரம் இதே மாதிரி இன்னொரு குழந்தை வரும்போது அந்த ஜிபியே எடைக்கோட்டை முதலில் பார்ப்பார்.

கரப்பான் இன்னொன்று. நம் குழந்தைகளின் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சாம்பல் நிறமாக, ஊதாவாக, சில சமயம் சொரசொரப்பாக மட்டும் இருக்கும். வெள்ளைத் தோலின் படங்களைப் பார்த்துப் படித்தவர்கள் அதன் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவார்கள். இன்னொரு பக்கம், பெற்றோருக்கு ஸ்டீராய்டு களிம்பு என்றாலே பயம். பட்டாணி அளவு எடுத்து முதுகு முழுக்கத் தேய்ப்பார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குத்தான் போதும். ஸ்பெஷலிஸ்ட் இதை ஒரு தாயிடம் செய்து காட்டும்போது பக்கத்தில் இருக்கும் நர்ஸும் பார்த்துக்கொள்கிறார். அடுத்த ஐம்பது தாய்மாருக்குக் காட்டப்போகிறவர் அந்த நர்ஸ்தான்.

அப்புறம், ஹெல்த் விசிட்டர். இவரை ஆஸ்பத்திரி கன்சல்டன்ட் (மூத்த ஸ்பெஷலிஸ்ட்) சாதாரணமாகச் சந்திக்கவே மாட்டார். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர் அவர்தான். "அந்தக் குழந்தைக்கு இன்ஹேலரை மாற்றிப் பயனில்லை டாக்டர், படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை, கவுன்சிலுக்கு எழுதிக்கொடுங்கள்" என்று அவர் சொல்கிற ஒரு வாக்கியம் மூன்று அப்பாயின்ட்மென்ட்டுக்குச் சமம். குழந்தையை நோயாக மட்டும் பார்க்காமல், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர், வீட்டுச் சூழல் சரியில்லாதவர், ஆஸ்துமா போல ஒரே ஒரு நீண்டகால நோய் உள்ளவர், பல சிக்கல்கள் சேர்ந்தவர், லேசாகத் திடீரென உடம்புக்கு முடியாமல் போனவர், கடுமையாக முடியாமல் போனவர் என்று ஆறு வகையாகப் பிரித்து யோசிப்பதை அந்த பேடிங்டன் குழுதான் எங்களுக்குப் பழக்கியது. இதில் கடைசி வகைக்குத்தான் உடனே ஆஸ்பத்திரி கட்டாயம்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஜிபியும் ஸ்பெஷலிஸ்ட்டும் சேர்ந்து உட்கார்ந்தால் பலன் தெரியும் நோய்களுக்கு மலச்சிக்கலைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

பெரும்பாலும் கதை இப்படி ஆரம்பிக்கும். ஒருநாள் மலம் இறுகி வலிக்கிறது. குழந்தை பயந்து அடக்க ஆரம்பிக்கிறது. கால்களைப் பின்னிக்கொண்டு சோபாவின் பின்னால் நிற்பதைப் பார்த்து, முக்குகிறான் என்று நினைப்போம். அவன் அடக்கிக்கொண்டிருப்பான். உள்ளே தேங்கத் தேங்கக் குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மழுங்கிவிடும். தேங்கியதைச் சுற்றி இளகிய மலம் கசிந்து உள்ளாடையில் கறையாகிறது. சில பெற்றோர் இதைப் பேதி என்று நினைத்து இருக்கிற மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். சிலர் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். குழந்தைக்கு அது கசிவதே தெரியாது என்பதுதான் உண்மை. தயவுசெய்து திட்ட வேண்டாம்.

மருந்து என்ன என்பதில் பெரிய ரகசியம் இல்லை. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2010இலிருந்து சொல்வது மேக்ரோகால் பவுடர். தண்ணீரில் கலந்து குடிப்பது, குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். வாழைப்பழம், வெந்நீர், கீரை எல்லாம் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே தேங்கிவிட்ட பிறகு உணவு மாற்றத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அந்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் விளக்கெண்ணெயும் வேண்டாம்.

சறுக்குவது அளவில். தேங்கியதை வெளியேற்ற, 5 முதல் 11 வயதுக் குழந்தைக்கு, குழந்தைகளுக்கான பாக்கெட்டில் முதல் நாள் 4, பிறகு நாளுக்கு இரண்டிரண்டாகக் கூட்டி அதிகபட்சம் 12 வரை கொடுக்க வேண்டியிருக்கும். (மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள்.) ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பாக்கெட் என்று கேட்டால் எந்தத் தாயும் மிரள்வார். குழந்தை வைத்தியத்தில் அனுபவம் குறைந்த ஜிபியும் மிரள்வார். அதனால் தினம் ஒரு பாக்கெட் என்று எழுதிக் கொடுப்பார். கசிவு கூடும், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவுக்கு வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லும் கடிதம் (ரெஃபரல்) போகும், மாதக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் சொல்வது அதே பவுடர், சரியான அளவில். இரண்டாவது சறுக்கல், மலம் ஒழுங்கானதும் மருந்தை நிறுத்திவிடுவது. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பராமரிப்பு அளவு தொடர வேண்டும், குறைப்பதும் மெதுவாகத்தான்.

இதற்கு எம்ஆர்ஐ வேண்டாம், அறுவைசிகிச்சை நிபுணர் வேண்டாம். துணிந்து சரியான அளவைச் சொல்ல ஒருவர், ஒரு வாரத்தில் கூப்பிட்டு "எப்படிப் போகிறது?" என்று கேட்க ஒருவர், அளவை ஏற்ற இறக்க ஒருவர். முதல் வேலையை ஸ்பெஷலிஸ்ட் செய்யலாம். அடுத்த இரண்டையும் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் செய்ய முடியும். அதனால்தான் ஜிபி அதே அறையில் இருக்க வேண்டும் என்கிறேன். கடிதத்தில் 'மேக்ரோகால் அளவைக் கூட்டவும்' என்று படிப்பதும், ஸ்பெஷலிஸ்ட் ஒரு தாயிடம் அதைச் சொல்லி, அவருடைய பயத்துக்குப் பதில் சொல்வதைப் பக்கத்தில் இருந்து கேட்பதும் வேறு வேறு.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் அடக்கமாகப் பேச வேண்டிய ஆதாரம். செயின்ட் மேரீஸ் குழு தங்கள் ஹப் ஒன்றைப் பற்றி 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய புதிய அப்பாயின்ட்மென்ட்டுகளில் 39 சதவீதம் கூட்டத்தில் பேசியதாலேயே தேவையில்லாமல் போனது, மேலும் 42 சதவீதம் ஆஸ்பத்திரியிலிருந்து சர்ஜரிக்கு மாறியது என்று சொன்னார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகள் 22 சதவீதம் குறைந்தார்கள், உள்நோயாளி அனுமதி 17 சதவீதம் குறைந்தது. பிரமாதமான எண்கள். ஆனால் இது முன்னும் பின்னும் ஒப்பிட்ட மதிப்பீடு. குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. ஆர்வமுள்ளவர்கள் தொடங்கிய முதல் ஹப் எப்போதுமே நன்றாகத்தான் ஓடும். அதே உற்சாகம் நாற்பதாவது ஹப்பில் இருக்குமா என்பதை இந்த எண்கள் சொல்லாது.

இன்னும் உறுதியாக எனக்குப் படுவது வேறொன்று. ஸ்பெஷலிஸ்ட்டுகள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து கிளினிக் நடத்துவது பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளை 2000களின் தொடக்கத்தில் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குழந்தைகளுக்கு மட்டுமானது அல்ல, எல்லாத் துறையும். கிளினிக்கை இடம் மட்டும் மாற்றினால் மக்களுக்குப் போய்வரச் சுலபம், ஆனால் உடல்நலம் மேம்பட்டதாகக் காட்ட முடியவில்லை. உள்ளூர் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்வது, கற்றுக்கொடுப்பது எல்லாம் கலந்திருந்த இடங்களில்தான் உடல்நலமும் மேம்பட்டது, ஆஸ்பத்திரிப் படுக்கைத் தேவையும் குறைந்தது. நான் ஆரம்பத்தில் வைத்த நிபந்தனை இங்கிருந்துதான் வருகிறது.

ஆஸ்திரேலியாவிலும் இதையே வேறு வடிவில் செய்து பார்த்தார்கள். மெல்பர்னில் சில கிளினிக்குகளில் வெள்ளோட்டம் விட்டு, பிறகு விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலுமாக 22 ஜிபி கிளினிக்குகளில் முறையான ஆய்வாக நடத்தினார்கள். குழந்தை மருத்துவர் கிளினிக்குக்கே வந்து ஜிபியோடு சேர்ந்து பார்ப்பது, மாதாந்திர விவாதம், போனில் ஆலோசனை. எங்கள் ஹப்பைவிட அடர்த்தியான ஏற்பாடு. பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் எல்லா ஊரிலும் இது இல்லை? காசு. நீங்கள் சந்தேகப்பட்டதற்கு நேர் எதிரான திசையில். பல வருடங்களாக இங்கே ஆஸ்பத்திரிக்கு வருமானம் என்பது, பார்த்த ஒவ்வொரு வெளிநோயாளருக்கும் இவ்வளவு என்ற கணக்கில் வந்தது. ஒரு கன்சல்டன்ட் அரை நாள் ஜிபி சர்ஜரியில் உட்கார்ந்து பத்துக் குழந்தைகளைப் பற்றிப் பேசி, நாலு பேரை மட்டும் பார்த்தால், மீதி ஆறு பேருக்கு ஆஸ்பத்திரிக்கு என்ன கிடைக்கும்? பேசியதற்குக் கட்டணம் இல்லை. ஜிபி பக்கத்திலும் அதே கதை. அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு நோயாளிகளைப் பார்த்திருக்கலாம். இரண்டு பக்கமும் நஷ்டக் கணக்கு, லாபம் மொத்த அமைப்புக்கு மட்டும். மொத்த அமைப்புக்கு என்று ஒரு பணப்பை இல்லை. 2022இல் பகுதிவாரியாக ஒருங்கிணைந்த சுகாதார வாரியங்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது, ஆனாலும் ஹப் ஓடுகிறதா நிற்கிறதா என்பது பல இடங்களில் இன்னும் ஒன்றிரண்டு பேரின் பிடிவாதத்தைப் பொறுத்தே இருக்கிறது. அந்த கன்சல்டன்ட் ஓய்வு பெற்றால் ஹப்பும் ஓய்வு பெற்றுவிடும்.

2015இல் குழந்தை மருத்துவர்கள், ஜிபிகள், நர்ஸ்கள் ஆகிய மூன்று ராயல் காலேஜ்களும் (அந்தந்தத் துறையினரின் தொழில்முறை அமைப்புகள்) சேர்ந்து ஒரு தர நிர்ணயம் வெளியிட்டன. ஒவ்வொரு ஜிபி சர்ஜரிக்கும் அல்லது சர்ஜரிக் குழுவுக்கும் தொடர்புக்கென்று ஒரு குழந்தை மருத்துவர் பெயர் சொல்லி இருக்க வேண்டும், அவசர வேளையில் போனில் உடனே ஆலோசனை கிடைக்க வேண்டும், தேவைப்படும் குழந்தையை ரெஃபர் செய்த 24 மணி நேரத்துக்குள் பார்க்க வழி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல தாள். ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு நடக்கிறது என்பதை அங்கங்கே இருக்கும் ஜிபியிடம் தனியாகக் கேட்டால் சிரிப்பார்.

ஹப் எதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு உதவாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் அடுத்த மாதக் கிளினிக், அடுத்த நாள் ஜிபி என்ற பேச்சே இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு விடத் திணறல், எழுப்ப முடியாத தூக்கம், அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள் என்றால் 999 (அவசர உதவி எண்). ஆட்டிசம், ஏடிஹெச்டி மதிப்பீட்டுக்கும் ஹப் குறுக்குவழி அல்ல. ஆட்டிசத்துக்கு ரெஃபர் செய்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நடைமுறையில் குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருக்கின்றன, அதை மாதம் ஒரு சாப்பாட்டு நேரக் கூட்டம் தீர்த்துவிடாது. காத்திருக்கும் காலத்தில் பள்ளியிடம் என்ன கேட்கலாம், தூக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று வழி சொல்லும், அவ்வளவுதான். இதயம், சிறுநீரகம், வலிப்பு போன்றவற்றுக்கு அந்தந்த உட்பிரிவு நிபுணரே வேண்டும்.

மலச்சிக்கலிலும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டிய சில அறிகுறிகள் உண்டு. பிறந்த முதல் சில வாரங்களிலேயே மலச்சிக்கல் தொடங்கியது, பிறந்த 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாதது, வயிறு உப்பி வாந்தி, கால்களில் பலவீனம். எடை ஏறாமல் நின்றால் அதையும் ஜிபியிடம் சொல்லுங்கள். உங்கள் மகன் கோவையில் பிறந்திருந்தால் பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். முதல் மலம் எப்போது போனான் என்ற கேள்வி நிச்சயம் வரும், இங்கே பிறந்த குழந்தை என்றால் ரெட் புக்கிலோ ஆஸ்பத்திரிப் பதிவிலோ பார்த்துக்கொள்வார்கள், உங்களுடையது உங்கள் கையில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு மாதத்தைச் சும்மா விட வேண்டாம். இப்போதே ஜிபிக்குப் போன் செய்து, "ஹப் நாள் வரும்வரை மருந்தைத் தொடங்கலாமா, குழந்தை மருத்துவரிடம் ஈமெயிலில் கேட்க முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த நாள் போனான், எப்படி இருந்தது, எத்தனை முறை கறை, எவ்வளவு தண்ணீர் குடித்தான், எவ்வளவு பால். நம் வீடுகளில் பால் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றுவோம், வயிறு நிறைந்து சாப்பாடு குறைந்துவிடும், அதையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளியில் கழிவறைக்குப் போகிறானா என்று விசாரியுங்கள். பல குழந்தைகள் மூன்றரை மணி வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் இதையெல்லாம் பேசக் கூச்சமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ரிசப்ஷனில் முன்கூட்டியே சொல்லுங்கள், இலவசம்தான். மகனையோ உறவினரையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

கிளினிக்கில் உங்கள் ஜிபி அறையில் இல்லை என்றால், "அடுத்து எங்களை யார் பார்ப்பார், அவருக்கு இந்தத் திட்டம் தெரியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பார்த்த பிறகும் திருப்தி இல்லை என்றால் ஆஸ்பத்திரி ரெஃபரல் கேட்கும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கிறது, ஹப்பில் பார்த்ததால் அது போய்விடாது. கிளம்பும் முன் மூன்று விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த அளவில் தொடங்கி எதுவரை கூட்டலாம், இரண்டு வாரத்திலும் தேங்கியது வெளியேறவில்லை என்றால் கூட என்ன மருந்து சேர்ப்பார்கள், முதல் வாரம் முடிந்ததும் உங்களைக் கூப்பிடப்போவது யார்.